கரைக்கு எட்டாத அழுகுரல்



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருச்சபை கடல் ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. கடலைப் பார்க்காத மங்கலம்பேட்டையில் வாழும் நாமும் கப்பல் பணியாளர்களுக்காகச் செபிக்க அழைக்கப்படுகிறோம்.

கரையில் மேலதிகாரி இழிவாகப் பேசினால் மாலையில் வீடு திரும்பி ஆறுதல் அடையலாம். கப்பலில் அதற்கு வழியில்லை. துன்புறுத்துபவரும் துன்புறுபவரும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உண்டு உறங்க வேண்டும். கேலி, மிரட்டல், ஒதுக்கிவைத்தல் எதுவானாலும், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காதோ என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி பணியாளர் கப்பலிலேயே முறையிடலாம். கேப்டனிடமோ வெளி அதிகாரிகளிடமோ நேரடியாகவும் செல்லலாம். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கி, இன்று ஸ்டெல்லா மாரிஸ் என அழைக்கப்படும் திருச்சபையின் கடல்சார் பணியும் துறைமுகங்களில் இவர்களைத் தேடிச் சென்று செவிமடுக்கிறது.

புயலில் சீடர்கள் கூவி எழுப்பியபோது, ஆண்டவர் இயேசு எழுந்தார். நம் வீட்டுப் பிள்ளை தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசும்போது, "நல்ல சம்பளம், பொறுத்துக்கொள்" என்று முடித்துவிடாமல் முழுவதும் கேட்போம். முறையிடத் துணிவு தருவோம், அவருக்காகச் செபிப்போம்.