கணக்கும் கணினியும் – 14: பெப்ரவரிக்கு எப்போதும் 29

போன கிழமை சொன்னதைத் திரும்ப எழுத மனமில்லை. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பைதனுக்கு முதலில் அது எழுத்துத்தான். நாலையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் நாற்பத்துமூன்று என்று நிற்கும். எண்ணாக மாற்றிக் கொடுப்பது நம் வேலை. அவ்வளவுதான்.

வகுத்தலில் வரும் மீதியை வைத்துப் பிழையான இலக்கத்தைப் பிடிப்பதை இந்தக் கிழமை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்த பின்னேரம் மருமகள் மடிக்கணினியோடு கல்லடிப் பாலம் கடந்து வந்துவிட்டாள். ஏ.எல். படிக்கிறவள். அடையாள அட்டை இலக்கத்தை வாங்கிப் பிறந்த திகதியைச் சொல்லும் நிரல், அவளுக்குக் கிடைத்த பயிற்சி.

"மாமா, என்ட ஐசியப் போட்டா ஜூலை 15 எண்டு வருது. நான் பிறந்தது 14."

நம் இலங்கையின் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். இவளுடையது 2007, பிறகு 696. ஐந்நூறைக் கழித்தால் 196. பைதனின் நாட்காட்டி 2007இன் 196ஆம் நாள் ஜூலை 15 என்கிறது. விரல் விட்டு எண்ணினாலும் அதேதான்.

தங்கச்சிக்குப் போன் போட்டோம். "பெத்தவள் நான். பதினாலுதான்" என்று வைத்துவிட்டாள்.

மறுகா வீட்டிலுள்ள ஐசி எல்லாவற்றையும் எடுத்தோம். என்னுடையது பழைய அட்டை: ஒன்பது இலக்கம், கடைசியில் ஆங்கில 'வி' எழுத்து. அந்த எழுத்தைக் கண்டதும் நிரல் விழுந்து போயிற்று. "இதுக்குத்தான் முதல்ல செல்லுபடியாக்கல் எழுதச் சொன்னது" என்று உபதேசம் பண்ண எனக்கு நல்ல வாய்ப்பு. பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 2000இல் பிறந்தவர்களுக்கு 16 வயதாகும் 2016இல்தான் 12 இலக்கம் வந்தது. இல்லாவிட்டால் 1900இல் பிறந்த பூட்டனும் 2000இல் பிறந்த பூட்டப்பிள்ளையும் ஒரே இரண்டு பூச்சியத்தோடு நின்றிருப்பார்கள்.

எழுத்தை வெட்டி, முன்னால் 19 சேர்த்துப் போட்டோம். நான் 1976 ஓகஸ்ட்: சரி. அம்மா 1950 ஜனவரி: சரி. அயல்வீட்டு அண்ணன் 1983 நவம்பர்: ஒரு நாள் பிந்தியது. தங்கச்சி 1979 மே: அவளுக்கும் ஒரு நாள் பிந்தியது. மார்ச்சுக்கு முன் பிறந்தால் பிழையில்லை, லீப் வருடத்தில் பிறந்தாலும் பிழையில்லை. மருமகள்தான் முதலில் பிடித்தாள்: "மாமா, இவங்க எல்லா வருசத்துக்கும் பெப்ரவரி 29 எண்டு வச்சிருக்காங்க!"

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள். 060 என்பது பெப்ரவரி 29க்கென்று ஒதுக்கிய கதிரை; லீப் அல்லாத வருடத்தில் அது வெறுமையாகவே கிடக்கும். மார்ச் முதலாம் திகதி என்றைக்கும் 061. இதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தது. கையால் எழுதிய காலம் அது. ஒரே அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும், எழுதுவினைஞர் 'இது லீப் வருடமா' என்று நாலால் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இது என் ஊகம், ஆனால் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. பைதனின் திகதி நூலகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 31, 29, 31, 30 என்று பன்னிரண்டு எண்களை எழுதி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால் திகதி சரியாக வந்துவிடும். ஜூன் முடிய 182. 196இலிருந்து கழித்தால் 14. தங்கச்சி வென்றாள்.

சும்மா ஒன்று: 361. அது டிசம்பர் 26. 2004 லீப் வருடமானபடியால் அன்று இரண்டு கணக்கும் ஒன்றுதான். நாவலடிப் பக்கம் கடல் வந்த அன்று பிறந்த பிள்ளைகளின் அட்டையில் 2004361 அல்லது 2004861 என்றிருக்கும். அந்த மூன்று இலக்கத்தை எங்கே கண்டாலும் என் கண் ஒரு கணம் நிற்கும்.

இனிச் செல்லுபடியாக்கல். மருமகள் பிறகு எழுதியது ஒரே வரி: 12 இலக்கமா? இது போதாது. நடு மூன்றும் 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை இருக்கவேண்டும். 367 முதல் 500 வரையிலான 134 எண்களிலும் நாட்டில் ஒருவரும் பிறக்கவில்லை. 060, 560 வந்தால் அப்போதுதான் ஆண்டை நாலால் வகுத்து மீதி பார்க்கவேண்டும். அதுவும் 1900 என்றால் நாலால் வகுபட்டாலும் லீப் இல்லை, 2000 லீப். ஆயிரத்தில் 268 எண்களை எப்போதுமே திருப்பி அனுப்பலாம். ஆயினும் ஒருவர் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டி, 14க்குப் பதில் 15 வந்துவிட்டால் இந்தக் காவல் ஒன்றும் செய்யாது. இலக்கம் ஒழுங்காகத்தான் இருக்கும், ஆள்தான் வேறு.

அதைப் பிடிக்கத்தான் அந்த மீதிக் கணக்கு. இடம் முடிந்தது, அடுத்த கிழமை கட்டாயம். இடையில் மருமகள் ஒரு குழப்படி செய்தாள்: ஆண்டை ௨௦௦௭ என்று தமிழ் இலக்கத்தில் தட்டினாள். பைதன் முகம் சுளிக்காமல் 2007 என்று வாங்கிக்கொண்டது. பத்துக்கு ௰ போட்டதும் மறுத்துவிட்டது. ஏனென்று அவளும் கேட்கிறாள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

(தொடரும்)