விலையும் வேலைப்பாடும் – 11: லைனிங்குக்கு உள்ளே

போன வாரம் கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். இந்த வாரம் கழற்றத் திருகு எதுவும் இல்லை. ஃபர் கோட்டின் கீழ் ஓரத்தைத் தூக்கினால் போதும்.

கிரீஸின் வடமேற்கு மூலையில், ஒரெஸ்தியாதா ஏரிக்கரையில் கஸ்தோரியா என்ற சின்ன ஊர். நூற்றாண்டுகளாக ஃபர் தைத்துப் பிழைக்கிற ஊர் அது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஃபர் வியாபாரிகள் கட்டிய மாளிகைகள் இன்னும் அங்கே நிற்கின்றன. ஆனால் அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது முழுத் தோல் அல்ல, துண்டு. மேலை நாட்டுப் பட்டறைகளில் கோட்டுக்கு வெட்டியது போக மிஞ்சும் பாதம், வால், தலை, வயிற்றுப் பகுதி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கஸ்தோரியாவுக்கு வந்து சேரும். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதை இவர்கள் நிறம் பார்த்து, ரோமம் படியும் திசை பார்த்து, விரலகலத் துண்டுகளாகப் பொருத்தித் தைத்து ஒரே விரிப்பாக்கிவிடுவார்கள். தொழிலில் அதற்கு ‘பிளேட்’ என்று பேர். அந்த விரிப்பிலிருந்து கோட் வெட்டுவார்கள். நியூயார்க்கின் ஏழாம் அவென்யூ ஃபர் வட்டாரத்தில் கிரேக்கப் பெயர்ப்பலகைகள் பெருகியதும் இந்தக் கைத்திறனால்தான்.

இப்போது ஒரு கடையில் இரண்டு கறுப்பு மிங்க் கோட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பளபளக்கின்றன, இரண்டிலும் பட்டு லைனிங், இரண்டிலும் ‘மிங்க்’ என்ற சீட்டு. ஒன்றின் விலை மற்றதைப்போலப் பல மடங்கு. சீட்டில் பொய் இல்லை. ஒன்று முழுத் தோலில் தைத்தது, மற்றது பாதத்திலும் வயிற்றிலும் தைத்தது. நான்கடி தள்ளி நின்று பார்க்கும் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பளபளப்பை நம்பவே கூடாது. தைத்து முடித்த கோட்டை மரத்தூள் போட்ட உருளையில் சுழற்றி எடுத்து, நீராவி காட்டி இஸ்திரி போட்டால் சுமாரான ரோமமும் அன்றைக்கு மினுங்கும்.

ஆகவே திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டுப்புடவை எடுக்கப் போனால் முந்தானையைப் புரட்டி ஜரிகையின் பின்பக்கத்தைப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல கோட்டில் பெரும்பாலும் லைனிங்கின் அடிப்பகுதியைக் கோட்டோடு சேர்த்துத் தைத்திருக்க மாட்டார்கள். இங்கொன்று அங்கொன்றாக நூல் கண்ணியில் பிடித்திருப்பார்கள். சிலர் உள்ளே ஜிப் வைப்பார்கள். தோலைப் பார்க்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்பது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. முழுக்க மூடித் தைத்திருந்தால், ஒரு சாண் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். திருப்பித் தைக்கப் பத்து நிமிட வேலை. பல லட்சம் கேட்கிற கடைக்காரர் அதற்கு முகம் சுளித்தால் கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிடலாம்.

உள்ளே என்ன தெரியும்? துண்டுக் கோட்டென்றால் கோணல் கோணலாக, ஒழுங்கில்லாத சிறு கட்டங்களின் கூட்டம். முழுத் தோல்களை அப்படியே ஒன்றோடொன்று இணைத்ததென்றால் அகன்ற வெற்றுத் தோல் பரப்பு, எங்கோ ஒரு மூட்டுத்தையல். மூன்றாவது காட்சிதான் பார்க்கப் பார்க்க வியப்பு. மேலிருந்து கீழ்வரை, ஒரு சென்டிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல், சாய்ந்த தையல் வரிகள் ‘வி’ வடிவில் நெருக்கமாக இறங்கிக்கொண்டே போகும். தொழிலில் இதை ‘லெட்-அவுட்’ என்பார்கள். ஃபர் கோட்டின் விலையில் கூலி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், இந்த வரிகளுக்குள்தான்.

சிக்கல் இதுதான்: மிங்க் சின்னப் பிராணி. தோல் அரை மீட்டர், பெரிய ஆண் என்றால் கொஞ்சம் கூட. கோட்டோ கழுத்திலிருந்து கணுக்கால்வரை வர வேண்டும். தோல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தால் இணைப்பு விழும் இடத்தில் குறுக்குக் கோடு தெரியும்; ஒரு தோலின் பின்பகுதி ரோமமும் அடுத்த தோலின் கழுத்து ரோமமும் ஒரே உயரம் இருக்காது. அதற்குப் பழைய கைவினைஞர்கள் கண்ட வழி, தோலையே நீளமாக்குவது. முதுகில் ஓடும் கருங்கோட்டின் நடுவே தோலை இரண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு பாதியையும் சாய்வாக, அரை சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு கீற்றையும் முந்தையதிலிருந்து துளி கீழே இறக்கி மறுபடி தைப்பார்கள். டஜன் கணக்கான கீற்றுகள் அப்படித் துளித் துளியாக இறங்கி முடியும்போது, அரை மீட்டர்த் தோல் ஒரு மீட்டரையும் தாண்டி நீண்டிருக்கும். அகலம் சில விரற்கடையாகச் சுருங்கியிருக்கும். வெளியே பார்த்தால் காலரிலிருந்து அடிவரை அறுபடாமல் இறங்கும் மெல்லிய பட்டை, அதன் நடுவில் ஒரு கருங்கோடு. நீளக் கோட் ஒன்றுக்கு 40 முதல் 60 தோல்கள்வரை ஆகும். வெட்டும் தையலும் ஆயிரக்கணக்கில்.

வெட்டுவது கத்தரிக்கோலால் அல்ல. தோல் பக்கத்திலிருந்து, ரோமம் அறுபடாமல், தோலை மட்டும் கீறும் சிறு கத்தி. தைப்பதற்கும் தனி இயந்திரம்: இரண்டு வட்டத் தகடுகள் தோல் ஓரங்களைக் கவ்விப் பிடிக்க, ஊசி பக்கவாட்டில் வந்து போகும். ரோமத்தை உள்ளே தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். அசந்தால் ரோமம் தையலில் மாட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: தோல் பக்கத் தையலில் ரோமம் பிதுங்கி நிற்கிறதா? நின்றால் அவசரக் கை. தைத்த தோலை ஈரமாக்கி, பலகையில் வரைந்த அளவுக்கு இழுத்து ஆணியடித்துக் காயவைப்பார்கள். தோல் எண்ணிக்கையை மிச்சம் பிடிக்க நினைக்கிற பட்டறை இங்கேதான் கூடுதலாக இழுக்கும். அளவு வந்துவிடும், ரோமம் கலைந்து அடர்த்தி போய்விடும். இடுப்பு, முழங்கைப் பக்கம் ரோமத்தை விலக்கும்போது தோல் சட்டென்று தெரிந்தால் இழுத்த தோல் என்று சந்தேகப்படலாம்.

லெட்-அவுட் என்றால் உசத்தி, முழுத் தோல் என்றால் மட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். பண்ணைகள் பெரிய பெரிய மிங்க்குகளை வளர்க்கத் தொடங்கின, கூலி ஏறியது, குறுக்குக் கோடே ஃபேஷனாகவும் ஆனது. 1965 முதல் ரோமிலுள்ள ஃபெண்டிக்கு வடிவமைத்த கார்ல் லாகர்ஃபெல்ட், கனத்த ஃபர் கோட்டை எடை குறைத்து, சில சமயம் லைனிங்கே இல்லாமல் செய்து காட்டினார். இன்றைக்கு முழுத் தோல் கோட்டிலும் முதல்தரம் உண்டு. லெட்-அவுட் விலை சொல்லி முழுத் தோலைக் கையில் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரோமத்துக்கு வருவோம். மிங்க்குக்கு இரண்டடுக்கு: மினுக்கும் மேல் ரோமம், குளிர் தாங்கும் அடர்ந்த அடி ரோமம். வாயைக் குவித்து ஊதுங்கள். ரோமம் வட்டமாக விலகி அடி ரோமம் தெரிய வேண்டும், தோல் தெரியக் கூடாது. எதிர்த்திசையில் தடவிக் கையை எடுத்தால் தானாகத் திரும்பிப் படிய வேண்டும். வட அமெரிக்க மிங்க்கில் மேல் ரோமம் குட்டை, அடி ரோமத்தை ஒட்டியே நிற்கும். ஸ்காண்டிநேவிய மிங்க்கில் கொஞ்சம் நீளம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மேல் ரோமத்தின் நுனி சுருண்டு பொசுங்கினாற்போல் இருந்தால் தொடவே வேண்டாம். பெண் மிங்க் தோல் சிறியது, மெல்லியது, பட்டாக இருக்கும், கோட்டும் கனக்காது. ஆண் தோல் பெரியது, தடித்தது. நாள் முழுக்கத் தோளில் சுமக்கப் போகிறவர் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கழற்றிவிடக் கூடாது. போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

சாயம் ஏற்றாத தோல் இன்னொரு சங்கதியும் சொல்லும். குளிர்காலத்துக்கு ரோமம் முற்றி நின்ற பிறகு உரித்த தோலின் உள்பக்கம் வெளிறிய வெண்மை. முற்றுவதற்கு முன்னே உரித்திருந்தால் உள்பக்கம் கருமை படிந்திருக்கும். சாயம் போட்டால் தோலும் நிறம் ஏறிவிடுவதால் இந்தச் சாட்சி மறைந்துவிடுகிறது. சாயம் போட்டதெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் நிறம் பொருந்தாத தோல்களைச் சேர்த்து மறைக்கச் சாயம் வசதி. மேல் ரோமத்தைக் கத்தரித்து வெல்வெட் பதத்துக்குக் கொண்டுவரும் ‘ஷேர்டு மிங்க்’கிலும் இதே சந்தேகத்தை வைத்துக்கொள்ளுங்கள்; மேல் ரோமத்தில் குறையுள்ள தோலை அப்படித்தான் கரையேற்றுவார்கள். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துபோகும்.

நிறப் பொருத்தத்தைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டு வாருங்கள். தையல்காரர் மிகச் சிறந்த தோல்களை முன்பக்கத்துக்கும் முதுகு நடுவுக்கும் வைத்துக்கொண்டு, சுமாரானவற்றை அக்குளுக்கும் கைக்கு உட்புறத்துக்கும் அனுப்புவார். அது நியாயம்தான். ஆனால் உடம்பும் கையும் வேறு வேறு நிறமாகத் தெரியக் கூடாது. கிழிசல் தொடங்குவதும் அக்குளில், பாக்கெட் மூலையில். அங்கே உள்பக்கம் நாடா வைத்து வலுவாக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாகா, பிளாக்கிளாமா, கோபன்ஹேகன் போன்ற பெயர்கள் ஏல நிறுவனங்கள் தோலுக்குக் கொடுத்தவை. தோல் எந்தத் தரம் என்று அவை சொல்லும். தைத்தவர் யார், எப்படித் தைத்தார் என்பது அந்தப் பெயருக்குள் இல்லை. முதல்தரத் தோலைக் கெடுத்துத் தைத்த கோட்டும் அதே சீட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த வியாபாரத்தில் பெயர் மாற்றுவது பழைய வித்தை. அமெரிக்காவில் மஸ்க்ராட் எனும் கஸ்தூரி எலியின் தோலைக் கத்தரித்துச் சாயமேற்றி ‘ஹட்சன் சீல்’ என்று விற்றார்கள். முயல் தோல் ‘எலெக்ட்ரிக் சீல்’ ஆனது. 1951இல் வந்த சட்டம்தான் பிராணியின் உண்மைப் பெயர், எந்த நாட்டுத் தோல், சாயம் ஏற்றியதா என்பதோடு, பாதம், வால், வயிறு போன்ற துண்டுகளால் ஆனதா என்பதையும் சீட்டில் எழுத வைத்தது. ரஷ்யாவில் 2016 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு ஃபர் கோட்டுக்கும் சிப் பதித்த அடையாள வில்லையைக் கட்டாயமாக்கினார்கள்: உள்நாட்டுத் தைப்பு என்றால் பச்சை, இறக்குமதி என்றால் சிவப்பு. அங்கே சந்தையில் மிங்க் என்று முயலும் மர்மோட்டும் கைமாறுவது சாதாரணம். மர்மோட் ரோமம் முரடு, நீளம் ஒன்றுபோல இருக்காது. முயல் ரோமம் இழுத்தால் கையோடு வரும். பைக்கால் ஏரிக்குக் கிழக்கே கிடைக்கும் பர்குசின் சேபிள் என்ற பிராணியின் தோல் தனி ராஜ்ஜியம். எந்தப் பக்கம் தடவினாலும் அது வழுக்கிக்கொண்டு படியும். அதன் வெள்ளிநுனி ரோமத்துக்கு வைக்கும் விலையை எழுதினால் ஆசிரியர் அச்சுப்பிழை என்பார்.

படிக்கிற பலருக்கு ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும்: இத்தனை உயிரைக் கொன்று ஒரு கோட்டா? எனக்கும் நிற்கிறது, நான் வாங்க மாட்டேன். உலகமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. இந்தியா 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா தோல்களின் இறக்குமதியைத் தடுத்தது. கலிஃபோர்னியாவில் 2023 முதல் புது ஃபர் விற்கக் கூடாது. டென்மார்க்கில் 2020 நவம்பரில், கொரோனா வைரஸ் மிங்க் பண்ணைகளில் உருமாறிப் பரவுகிறது என்று அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க்குகளைக் கொல்ல உத்தரவிட்டது. அதற்குச் சட்ட அதிகாரமே இல்லையென்று தெரிந்து வேளாண் அமைச்சர் பதவி விலகினார். அப்போது உலகின் மிகப் பெரிய ஃபர் ஏல நிறுவனமாக இருந்த கோபன்ஹேகன் ஃபர் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு ஆடம்பரப் பொருள் ஏற்றுமதியைத் தடைசெய்ததும், ரஷ்ய வாடிக்கையாளரையே நம்பியிருந்த கஸ்தோரியாவுக்கு அடி விழுந்தது.

விளைவு, இன்று ஃபர் தேடுகிறவர்களில் பலர் போவது பழைய கோட்டுக்கு. ஏற்கெனவே செத்ததுதானே என்று மனசாட்சிக்கும் ஒரு சமாதானம், விலையும் மலிவு. அங்கே ரோமத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தோல். லைனிங்கைத் தூக்கி, தோலை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து லேசாக இழுங்கள். கொடுத்து வாங்கினால் உயிர் இருக்கிறது. சரசரத்தால் காய்ந்துவிட்டது. விரல் பட்ட இடத்தில் பிய்ந்தால், எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஓர் இடத்தில் தைத்தால் ஊசித்துளை வரிசையிலேயே அடுத்த கிழிசல் தொடங்கும். வெயிலிலும் அலமாரிப் புழுக்கத்திலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்த கோட்டுகளின் கதி இது. கோடையில் பத்து டிகிரி குளிரில், ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் ஃபர் வைக்கும் கிடங்குகள் குளிர்நாடுகளில் உண்டு. விற்கிறவரிடம் அந்தக் கிடங்கு ரசீது இருந்தால் வாங்கிப் பாருங்கள். எத்தனை கோடைக்கு ரசீது இருக்கிறது, எத்தனை கோடைக்கு இல்லை என்று எண்ணிவிட்டு விலை பேசலாம்.

(அடுத்த வாரம்: முத்து)