ஏழு கேள்விக்குறி

2004இல் பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸாம்ப் என்ற ஒரே பொட்டலத்தை நிறுவினால் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பட்டுப் பாய், கல்யாணப் பாய், தொழுகைப் பாய் என்று எல்லாவற்றையும் விலையோடு டேட்டாபேஸில் ஏற்றினேன். வீட்டில் பக்கம் அம்சமாக ஓடியது.

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அண்ணாச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்வருக்கு ஏற்றினேன். ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்று ஒற்றை வரி வந்து நின்றது.

“என்னடே, நம்ம பாய் எங்க போச்சு?” என்றார் அண்ணாச்சி.

பாய் எங்கேயும் போகவில்லை. டேபிளின் பெயரை நான் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் தொடங்கியிருந்தேன். மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு டேபிளையும் அதன் பெயரிலேயே கோப்பாக வைக்கிறது. விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். சர்வரில் இருந்த லினக்ஸுக்கு அவை வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. சென்டருக்கு மணிக்கணக்கில் கொடுத்த காசு தனி.

அடுத்த சிக்கல் ‘லோக்கல்ஹோஸ்ட்’. பிஎச்பி ஸ்கிரிப்டும் டேட்டாபேஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் எழுதுகிற முகவரி அது. விண்டோஸில் அது வழக்கமாக 3306 என்ற வாசல் வழியாகப் போகும். லினக்ஸிலோ வாசலையே தொடாமல், சாக்கெட் என்ற கோப்பு வழியாகக் கொல்லைப்புறமாகப் போய்விடும். அந்தக் கோப்பு எதிர்பார்த்த இடத்தில் இல்லையென்றால் தொடர்பு கிடையாது. முகவரியை 127.0.0.1 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெயரும் எண்ணும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன, போகிற வழிதான் வேறு என்பது அப்போது எனக்கு யாரும் சொல்லித் தராத விஷயம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இரண்டும் ஒரே பெட்டிக்குள்! சேரன்மகாதேவிப் பையனும் அம்பாசமுத்திரத்துப் பெண்ணும் எங்களைப் போல அலைய வேண்டாம், வீட்டிலேயே இரண்டிலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று மகிழ்ந்தேன். நான் பார்த்த வீடுகளில் போஸை யாரும் திறக்கவேயில்லை. பாடம் எடுக்க ஆளில்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது என் மருமகன் அதே பாளையங்கோட்டையில் விண்டோஸ் மடிக்கணினியில் வேலை செய்கிறான். அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் ஓடுகிறது. 2013இல் வந்த டாக்கர், ஸ்கிரிப்டையும் டேட்டாபேஸையும் அவற்றுக்கு வேண்டிய சாமான்களோடு தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து, டாக்கர் இருக்கிற சர்வரில் அப்படியே இறக்கிவிடுகிறது. இரண்டு இயங்குதளங்களும் சமாதானம் ஆகிவிட்டன என்று அவன் நினைக்கிறான். எனக்கென்னவோ லினக்ஸ் விண்டோஸ் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது என்றுதான் படுகிறது. ஆனாலும் லோக்கல்ஹோஸ்ட் அவனையும் விடவில்லை. ஸ்கிரிப்ட் ஒரு பெட்டியில், டேட்டாபேஸ் இன்னொன்றில். பெட்டிக்குள் இருந்துகொண்டு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டியையே குறிக்கும். அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டவனிடம், டேட்டாபேஸ் பெட்டிக்கு வைத்த பெயரை முகவரியில் போடச் சொன்னேன். ஓடியது. மாமாவுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

போன மாதம் அண்ணாச்சியின் மகன் பழைய தளத்தை மறுபடி எழுப்பக் கேட்டார். பிஎச்பி பழசு; டேட்டாபேஸைத் தொட அதில் எழுதியிருந்த கட்டளைகளை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அடியோடு நீக்கிவிட்டது. மருமகன் அவற்றைப் பிடிஓ என்ற வேறு முறைக்கு மாற்றினான். பழைய தகவலைத் திறந்தான்.

ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறி.

2008இல் பெயர்களைத் தமிழுக்கு மாற்றும்போது யூனிகோடில்தான் தட்டினேன். டேபிளோ லத்தீன் எழுத்துக்கென்று பிறந்தது. மைஎஸ்க்யூஎல் சுவீடன் நிறுவனம் ஒன்றில் பிறந்தது; எதுவும் சொல்லாமல் விட்டால், 2018இல் 8.0 வரும்வரை, லத்தீன் எழுத்தும் சுவீடிஷ் அகரவரிசையும்தான். தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டது. பத்தமடை ஐந்தெழுத்துதானே என்றான் மருமகன். யூனிகோட் கணக்கில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி, ஆக ஏழு.

“திரும்ப எடுக்க முடியாதா மாமா?”

முடியாது. சேமிக்கப்பட்டதே கேள்விக்குறிதான். டாக்கர் அதையும் ஒன்று குறையாமல் கொண்டுவந்து இறக்கியிருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். கடையில் பழைய கணக்கு நோட்டு இருக்கிறதாம். அவர் ஒவ்வொரு பாயாகப் படிக்க, மருமகன் தட்டிக்கொண்டிருந்தான்.