லினக்ஸ் கணினி விடைகொடுக்கத் தயங்குவதேன்?

நம் நாட்டில் விருந்தினர் புறப்படுவதென்பது ஒரு கணத்தில் முடிவதன்று. "போய் வருகிறேன்" என்று எழுந்தவர் வாயிற்படியில் நின்று அரைமணி நேரம் பேசுவது யாவரும் அறிந்ததே. லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாளும் மாணாக்கர் பலர், தங்கள் கணினியும் இவ்வழக்கத்தைக் கற்றுக்கொண்டதோ என்று ஐயுறுகின்றனர். 'வெளியேறு' என்று கட்டளையிட்டபின் திரை கறுத்து, சிறுவட்டம் ஒன்று ஒன்றரை நிமிடம் சுழன்றுகொண்டேயிருக்கின்றது. ஆய்வுக்கூடத்தின் வாயிலில் அடுத்த வகுப்பினர் நிற்கின்றனர். பொறுமை இழந்தவர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகின்றனர். மறுநாள் பார்க்கும்போது, எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கங்கள் காணப்படுவதில்லை.

1991-ஆம் ஆண்டில், பின்லாந்து தேசத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்ற லினக்ஸ் நமக்குப் புதியதன்று. அதன் டெபியன் என்னும் வகையை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனத்தார் 'பாஸ் லினக்ஸ்' என்பதை அமைத்தனர். 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்றவற்றுள் வின்டோஸுடன் இதுவும் இருந்தது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்கு வந்தோர் பலர் அங்கேதான் முதன்முதல் லினக்ஸைக் கண்டிருப்பர்.

நிற்க. வெளியேறும்போது நிகழ்வது யாது? மாலையில் நூல்நிலையத்தை மூடும் பணியாளரை நினைத்துக்கொள்க. அவர் மணியடிக்கின்றார், படிப்போர் புத்தகத்தை வைத்துவிட்டு எழுவதற்குச் சற்றுக் காலங்கொடுக்கின்றார், அதன்பின்னும் எழாதவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவிடுகின்றார். லினக்ஸில் அம்மணிக்குச் 'சிக்டெர்ம்' என்று பெயர். அதன் எண் 15. கையைப் பிடித்தல் 'சிக்கில்', எண் 9. முன்னதைப் பெற்ற நிரல் தன் கோப்புகளை எழுதி முடித்து அடங்கலாம். பின்னதற்கு மறுமொழி சொல்ல நிரலுக்கு உரிமையில்லை. இவ்விரண்டிற்கும் இடையே 90 விநாடி காத்திருத்தல் 2010-இல் தோன்றிய 'சிஸ்டம்-டி' என்னும் மேலாளரின் பொதுவிதி. ஒன்றரை நிமிடத்தின் இரகசியம் இதுவே. ஆகவே கணினி உறங்கவில்லை, எவருக்காகவோ காத்திருக்கின்றது. எவருக்காக என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

சிலவேளை அது நம்மையே எதிர்பார்த்திருக்கும். சேமிக்கப்படாத கட்டுரை ஒன்று, "சேமிக்கவா?" என்னும் கேள்வியோடு வேறொரு சாளரத்தின் பின்னே மறைந்திருக்கக்கூடும். பென் டிரைவின் செய்தி வேறு. பெருங்கோப்பொன்றைப் படியெடுக்கையில் வேலை முடிந்ததுபோலத் திரை காட்டினும், அதன் பெரும்பகுதி நினைவகத்தில் தங்கியிருக்கலாம். கணினியை நிறுத்தும்போதுதான் அது மெல்ல மெல்ல எழுதப்படும். அத்தருணத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பவர் தம் கோப்பையே துண்டிக்கின்றார்.

எல்லாவற்றினும் தொல்லையானது வலைவழி இணைத்த கோப்புறை. பயனர் வெளியேறியவுடன் அவர்க்கேயுரிய வைஃபை இணைப்பு முதலில் அறுந்துபோமாயின், அப்பால் எட்டாத சேவையகத்தின் விடைக்காக நிரல் ஏங்கிக்கிடக்கும். நிரற்பட்டியலில் அதன் நிலை 'டி' என்னும் எழுத்தாற் குறிக்கப்படும். இந்நிலையிலுள்ளதற்குச் சிலபோது 9-ஆம் எண் கட்டளையும் எட்டாது. வெளியேறுமுன் அக்கோப்புறையை நாமே பிரித்துவிடுதல் நலம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர் நாடி பார்ப்பதுபோலப் படிப்படியாகச் செல்லவேண்டும். முதலிற் புதிய பயனர் கணக்கொன்றை உண்டாக்கி, அதில் நுழைந்து வெளியேறிப் பார்க்க. அது விரைவில் முடியுமாயின், குறை இயந்திரத்தில் இல்லை. நம் கணக்கின் அமைப்புகளிலோ, நுழைந்தவுடன் தாமே எழும் நிரல்களிலோ உள்ளது. திரை உறைந்து நிற்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய விசைகளைச் சேர்த்தழுத்தினால் எழுத்துமுனையம் ஒன்று திறக்கும். அங்கே நம் பெயரில் இன்னும் ஓடும் நிரல்களைக் காணலாம். மீண்டும் தொடங்கியபின் 'ஜர்னல்' என்னும் நாட்குறிப்பில் முந்தின ஓட்டத்தின் இறுதி வரிகளைப் படிக்க. கெடு கடந்து கொல்லப்பட்ட நிரலின் பெயர் அங்கே தெளிவாய் எழுதியிருக்கும். ஜர்னலை வட்டில் நிலையாக வைக்காத கணினிகளில் மட்டும் அது அணைந்தவுடன் அழிந்துவிடும்.

90 விநாடியைக் குறைத்துவிட்டாலென்ன என்று கேட்பர். குறைக்கலாம், பெடோரா அமைப்பினர் 2023-இல் வெளியிட்ட 38-ஆம் பதிப்பில் 45 ஆக்கினர். ஆயினும் காரணம் அறியுமுன் கெடுவைக் குறைப்பது, நோயறியாமல் வலியை மட்டும் மறைக்கும் மருந்தாகும் என்பதே என் கருத்து. 2016-இல் சிஸ்டம்-டியின் 230-ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற நிரல்கள் யாவையும் கொன்றுவிடுக என்று பொதுவிதி செய்தது. இரவெல்லாம் ஓடவேண்டிய நெடுங்கணக்கீட்டை விட்டுச் செல்வோர் இதனாற் பெரிதும் கலங்கினர். பெருங்கூச்சல் எழுந்தது, டெபியன் அவ்விதியை ஏற்காது விலக்கிற்று. ஒருவர்க்குக் குப்பையாய்த் தோன்றும் நிரல் மற்றொருவரின் ஆராய்ச்சியாயிருக்கலாம்.

யாதும் பயன்படாதபோதும் மின்பொத்தானுக்குமுன் இன்னொரு வழியுண்டு. ஆல்ட் விசையையும் 'சிஸ்-ஆர்க்யூ' விசையையும் (பெரும்பாலும் 'பிரின்ட் ஸ்கிரீன்' என்று எழுதியிருப்பது) பிடித்துக்கொண்டு, எஸ், யு, பி என்னும் எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சில விநாடி இடைவிட்டு அழுத்துக. எஸ் நினைவகத்தில் நிற்பவற்றை வட்டில் எழுதுவிக்கும். யு வட்டினைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டும். பி கணினியை மீளத் தொடக்கும். இது கோப்புகளைக் காக்கும். சாளரத்தில் எழுதிச் சேமிக்காது விட்டதை இதுவும் மீட்டுத்தராது.