வானிலை நிலையத்தின் வழுக்கள்

மொழியியலார் ஒருவர் மழைமானியைப் பற்றிப் பேசப் புறப்பட்டது ஏன் என்னும் வினா அவையில் எழுதல் இயல்பே. நம் வீட்டுக் கூரைமேல் நிற்கும் சிறு வானிலை நிலையம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையத்திற்கு ஒரு வாக்கியத்தை அனுப்புகிறது. அவ்வாக்கியம் பிழைபட்ட போதெல்லாம் நமக்குக் கைகொடுத்தது நன்னூலார் வகுத்த எழுவகை வழுக்களே. மின்னணுவியலில் நமக்குப் பயிற்சி குறைவு என்பதும் ஒரு காரணமாகலாம்.

ஜொகூரில் இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் மக்கள் துயருற்றதை மாணவர்களும் அறிவர். செனாய், குளுவாங், மெர்சிங் முதலிய இடங்களில் வானிலைத் துறையின் நிலையங்கள் உள்ளன. வடிகால், நீர்ப்பாசனத் துறையும் மழையை அளக்கிறது. ஆயினும் நம் மாநிலத்து இடிமழை ஒரு தாமானில் கொட்டி அடுத்த தாமானை நனைக்காமலே போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப வல்லவை வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கருவிகள். அவை அனுப்பும் எண் தவறாயின், அனுப்பாதிருத்தலே நன்று.

பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வோர் அளவும் ஒரு பெயரோடு சேர்ந்தே செல்கிறது. வெப்பநிலைக்கு ‘டெம்ப்எஃப்’, அன்றைய மழைக்கு ‘டெய்லிரெயின்இன்’ என்பன பெயர்கள். பெயர் உடன் செல்வதால் வரிசை மாறினும் பொருள் மாறாது. ‘கண்ணன் முருகனைக் கண்டான்’ என்றாலும் ‘முருகனைக் கண்ணன் கண்டான்’ என்றாலும் கண்டவன் கண்ணனே. ‘ஐ’ உருபு அதனைக் காக்கிறது. அதுபோலவே இங்கும் ஈற்றில் நிற்கும் ‘எஃப்’ ஃபாரன்ஹீட்டையும், ‘இன்’ அங்குலத்தையும் குறிக்கும் உருபுகள் எனலாம்.

நிலையம் முற்றிலும் பேசாதிருப்பது எளிய கோளாறு. புதிய மோடம் பொருத்திய மறுநாள் நம் கருவி வாய்மூடியது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். அந்த அலைவரிசையைத் திறந்துவிட்டதும் பேசத் தொடங்கிற்று.

அஞ்சத்தக்கது, இலக்கணம் வழுவாமல் சொல்லப்படும் பொய்யே. நம் கருவி தன்னைச் செய்தவரின் தளத்திற்கு மட்டுமே செய்தி அனுப்பும். ஆதலால் ஒரு சிறு கணினியை இடையில் அமர்த்தி, ‘வீவெக்ஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளின் துணையால் செய்தியை வாங்கிப் பதிந்து, வேறு தளங்களுக்கும் அனுப்பச் செய்தோம். அவ்வாறு மாற்றுவோர் பலரும் மரபு வழுவில் விழுவர். 31.5 பாகை செல்சியஸை ‘எஃப்’ உருபோடு அனுப்பினால், பெறுவோர்க்கு அது உறைநிலைக்குக் கீழே போய்விடும். வாக்கியம் சரியாக அமைந்திருப்பதால் வாங்கும் கணினி ஐயுறாது ஏற்கும். ஜொகூரில் பனி உறைந்தது என்றால் நாம் நகைத்துத் திருத்திக்கொள்வோம். மில்லிமீட்டர் மழை அங்குலமாகச் செல்லுமாயின் அளவு ஏறத்தாழ 25 மடங்காகும்; அதனைக் கண்டு எவரும் நகைக்கமாட்டார்.

வானொலி ஆர்வலர் வகுத்த மற்றொரு முறையில் ஈரப்பதத்திற்கு இரண்டு இலக்க இடமே உண்டு. 100 விழுக்காடு அதில் அடங்காமையால் அதனை 00 என எழுதுதல் விதி. விடியற்காலையில் காற்று நீரால் நிறையும் நம் ஊரில், இவ்விதி அறியாதவர் பாலைவனத்தைக் காண்பார்.

நம்மை நெடுநாள் அலைக்கழித்தது கால வழு. ஒருநாள் காலையில் பெருமழை. மாலையில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் அளவும் நம் அளவும் பெரிதும் வேறுபட்டன. அவர்கள் நம் புனலைக் குறை கூறினர்; நாம் அவர்கள் புனலை ஐயுற்றோம். இரண்டும் நன்றாகவே இருந்தன. பிழை ‘இன்று’ என்னும் சொல்லில் இருந்தது.

‘இன்று’ என்பது சொல்லுவோன் நிற்கும் இடத்தையும் பொழுதையும் பற்றி நிற்கும் சொல். பள்ளிக் கருவிக்கு நாள் நள்ளிரவில் பிறந்தது. நம் சிறு கணினியிலோ உலகப் பொது நேரத்தை மாற்றாமல் விட்டிருந்தோம். மலேசிய நேரம் அதற்கு 8 மணி முந்தியது. எனவே நம் வீட்டில் நாள் காலை 8 மணிக்கே பிறந்தது. காலை 5 மணி முதல் 11 மணி வரை, மணிக்கு 10 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்ததாகக் கொள்வோம். பள்ளி 60 என்னும். நம் வீடு 30 என்னும். மீதி 30 நேற்றைய கணக்கில் சேர்ந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலேசிய வானிலைத் துறையின் மழைநாளும் காலை 8 முதல் மறுநாள் காலை 8 வரையே. நாம் அறியாது செய்த பிழை அரசுக் கணக்கோடு ஒத்துப்போயிற்று! இந்திய வானிலைத் துறைக்கோ நாள் காலை 8.30க்கு முடியும். ஆகவே மழையளவை ஒப்பிடும் ஆசிரியர்கள் எண்ணின் அருகே எம்மணி முதல் எம்மணி வரை என்பதையும் எழுதச் செய்க. நாமும் இப்போது கணினியை மலேசிய நேரத்திற்கு மாற்றி, 8 மணிக் கணக்கைத் தனியே வைத்துள்ளோம்.

இனி, சுழியத்தைப் பற்றி ஒரு சொல். எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. அவ்வின்மையே அங்குப் பொருள் தருகிறது. கருவி அனுப்பும் 0 அத்தகையதன்று. மழை இல்லை என்பதற்கும் 0. சிலந்திவலை புனலை அடைத்ததற்கும் 0. செய்தியைப் படித்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கூரைக்கு ஏறித்தான் ஆகவேண்டும். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டராயின், 200 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுக. திரையில் 10 மில்லிமீட்டரை ஒட்டிய எண் வந்தால் இறங்கி வரலாம். ஊற்றிய நீரை அன்றைய மழைக் கணக்கிலிருந்து நீக்க மறவற்க. நாம் ஒருமுறை மறந்தோம்.