கோட்டைக்கு மேற்கே

ஆகஸ்ட் 22 சென்னையின் பிறந்தநாள். 1639இல் அந்தத் தேதியில்தான் கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது என்பது கணக்கு. கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் சார்பில் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் தம்பி ஐயப்ப நாயக்கர். அவர் இருந்தது பூந்தமல்லியில். நகரம் பிறந்த கதையில் இப்படிப் பூந்தமல்லிக்கும் பங்கு உண்டு. ஆனால் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ கேட்டுப் பாருங்கள். “நம்ம ஊருக்கு ஏதுங்க வரலாறு? எல்லாம் கம்பெனிங்க வந்தப்புறம் வந்த ஊரு” என்பார்கள். அவர்கள் சொல்வது வேறு கம்பெனிகளை.

ஒரு காலத்தில் இந்த ஊர்களில் பழமையைச் சொல்லத் தனி அமைப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோயிலே அந்த வேலையைச் செய்தது. வடதிருமுல்லைவாயிலில் தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது; அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்தது. அவனுடைய எதிரிகளான குறும்பர்களை வெல்ல இறைவன் அவனுக்குத் துணையாக நந்தியை அனுப்பினார். அதனால்தான் அங்கே நந்தி சாமிக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, வென்ற இடத்திலிருந்து கொண்டுவந்த எருக்கந்தூண்கள் கருவறை முன்னால் நிற்கின்றன என்று தலபுராணம் சொல்லும். திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் பூக்கொய்து காஞ்சிக்கு நடந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கதைகள் மனப்பாடம். கதை நடந்த இடம் கண்ணெதிரே இருந்தது. வருஷா வருஷம் திருவிழா அதை நினைவூட்டியது.

அந்தப் பழமைக்கு அன்றாட வேலையும் இருந்தது. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, ஏரித் தண்ணீர் எந்த மதகுக்கு முதலில் என்ற வழக்குகளில் பேசியது பழைய கதைதான். நிலத்தின் கதை ஊர்க்கணக்கரான கர்ணத்தின் கணக்குக் கட்டில் இருந்தது. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு ஒழித்தபோது நிர்வாகத்துக்கு நல்லது நடந்தது. ஊரின் நிலக்கதையை விரல்நுனியில் வைத்திருந்த ஓர் ஆள் அதோடு போய்விட்டார். அந்தப் பழமையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, அந்தக் கதையைச் சன்னிதி முன் நின்று கேட்கும் உரிமை சேரிக்கு இல்லை.

இடையில் இன்னொரு வகைப் பழமை வந்தது. 1880களின் பிற்பாதியிலிருந்து கல்வெட்டுத் துறையினர் கோயில் கோயிலாகப் போய்ச் சுவர்களில் தாளை ஒற்றிப் படியெடுத்தார்கள். 1919இல் வி. ரங்காச்சாரி சென்னை மாகாணக் கல்வெட்டுகளை ஊர்வாரியாக அடுக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அர்ச்சகர் சொன்னதைக் கல் சொல்கிறதா என்று முதல்முறையாக ஒப்பிட வழி பிறந்தது. ஆனால் அந்த ஆங்கிலத் தொகுதிகள் நூலக அலமாரிகளில் இருந்தன. 1939இல் நகரத்துக்கு 300 வயதானபோது அறிஞர்கள் கூடி ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். அதுவும் ஆங்கிலத்தில். எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே வட்டம்.

மேற்கே அப்போது நெல் விளைந்துகொண்டிருந்தது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வயல்களைக் கடந்துதான் போனது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே பின்னால் எல்லாம் வந்தன. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. ஆறே வருஷத்தில் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், அம்பத்தூரில் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள், வட ஆற்காட்டுக்காரர்கள், ஆந்திரத்தார், மலையாளிகள். அவர்களுக்குக் குலதெய்வம் வேறு ஊரில், பொங்கல் வேறு ஊரில். முல்லைக்கொடிக் கதை அவர்கள் பாட்டி சொன்ன கதையல்ல.

இந்தக் கூட்டத்தின் முன்னால்தான் இன்றைய வரலாற்று அமைப்புகள் நிற்கின்றன. 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழை எஸ். முத்தையா நடத்தினார். 2004இல் அவரும் வின்சென்ட் டிசோசாவும் சசி நாயரும் சேர்ந்து மெட்ராஸ் தினத்தை ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வாரமானது. மேடையும் அரசாணையும் இல்லாமல், விரும்பியவர் விரும்பிய தெருவில் நடை நடத்தலாம், பள்ளி கண்காட்சி வைக்கலாம், யாரும் பேசலாம் என்ற ஏற்பாடு அதன் பலம். அன்று கோயிலில் கதை கேட்கப் பிறப்பு பார்த்தார்கள். இன்று காலை ஆறு மணிக்குச் சொன்ன இடத்தில் வந்து நின்றால் போதும். சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ‘எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?’ என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்கலாம்.

இன்னும் மேற்கே போனால் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் சர்மா மரபுக் கல்வி மையம் அங்கே நடத்திய அகழாய்வு, அந்தக் கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் உலகுக்குச் சொன்னது. அந்த மையம் கட்டுரையோடு நிற்கவில்லை; பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொல்லியல் பயிற்சியும் நடத்துகிறது. பூண்டியில் 1985இலிருந்தே அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஆவடியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வரலாம். மாமல்லபுரம் போகும் பள்ளிப் பேருந்துகளில் பத்தில் ஒன்று இந்தப் பக்கம் திரும்பினால் நல்லது.

இருந்தும் ஒரு குறை. மெட்ராஸ் வார நடைகளின் கால் கோட்டையையும் மயிலாப்பூரையும் ஜார்ஜ் டவுனையும் சுற்றியே பழகியிருக்கிறது. பேச்சில் ஆங்கிலத்தின் கை ஓங்கியிருக்கிறது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2019இல் ஆவடியே தனி மாநகராட்சியானது. வரலாற்று நடையின் எல்லை அந்த அளவுக்கு விரியவில்லை. மதுரையில் யானைமலையைக் காக்கும் போராட்டத்தை ஒட்டி 2010இல் கிளம்பிய ‘பசுமை நடை’ தமிழிலேயே பேசுகிறது; குடும்பம் குடும்பமாக மலையேற்றிச் சமணப் படுக்கையைக் காட்டுகிறது. மேற்கு வட்டாரத்துக்கு வேண்டியது அந்த மாதிரி.

உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. அதற்கு வரும் கூட்டம் வரலாற்று நடைகளுக்கு வருவதில்லை. திரும்பத் திரும்ப வரும் நாள், தெரிந்த வழி, போய்வந்ததில் ஒரு நிறைவு. இம்மூன்றும் இருந்தால் மக்கள் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் நினைவுகூர்ந்தால் பழக்கம் ஒட்டாது.

இன்னொன்று, வந்து குடியேறியவர்களின் கதையையும் வரலாறு என்று ஒப்புக்கொள்வது. சோழர் கல்வெட்டுக்கு இருக்கும் மதிப்பு சைக்கிள் கம்பெனி அடையாள அட்டைக்கும் வேண்டும். முதல் ஷிப்டு, தொழிற்சங்கக் கொடியேற்றம், வேலைநிறுத்தம், தவணையில் வாங்கிய மனை, ஏரிக்கரையில் வீடு கட்டி மழையில் தவித்தது எல்லாம் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. உள்ளூர் நூலகமோ பள்ளியோ குடியிருப்போர் சங்கமோ ஒரு ஞாயிறு ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். முதல் கேள்வி சுலபம்: “ஐயா, நீங்க இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீங்க?”