நூறு பாக ஆழத்தில் ஓர் எல்லை

பினாங்குக்கு மேற்கே மலாக்கா நீரிணை. அதன் மறுகரையில் சுமாத்திரா. அங்கே தொடங்கும் இந்தோனேசியா கிழக்கே பப்புவா வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 17,000க்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று நேர மண்டலங்கள். சுமாத்திராவின் காடுகளில் புலி உண்டு, யானை உண்டு, ஒராங்ஊத்தான் உண்டு. பப்புவாவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே மரமேறும் கங்காருவும், பறக்க முடியாத பெரும் பறவையான காசோவரியும் திரிகின்றன. கொடி ஒன்று, நாணயம் ஒன்று. கண்டம் மட்டும் இரண்டு.

இரண்டு கண்டங்களும் எந்த இடத்தில் பிரிகின்றன? பள்ளிக்கூட நிலப்படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதில் கடல் முழுவதும் ஒரே நீலம். விடை கடலின் ஆழத்தில் இருக்கிறது. அதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர், பிற்காலத்தில் இங்கே பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், அன்றைய புரோவின்ஸ் வெல்லஸ்லியில், அரசு அதிகாரியாக இருந்த ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல். பினாங்குப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டு வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏர்ல் சிறுவயதிலேயே கப்பலேறியவர். இந்தத் தீவுக்கூட்டத்தின் துறைமுகங்களையும் அறிவார், வட ஆஸ்திரேலியாவின் போர்ட் எசிங்டன் குடியேற்றத்தில் வாழ்ந்தும் இருக்கிறார். அந்நாளில் கடலின் ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார்கள்; கணக்கு பாகத்தில். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம், சுமார் 1.8 மீட்டர். தமிழ் மீனவர்களின் கணக்கும் அதுதான். இப்படிக் கிடைத்த ஆழங்களைத் தொகுத்துப் பார்த்த ஏர்ல், 1845இல் லண்டன் அரச புவியியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை அளித்தார். மலாய்த் தீபகற்பம், சுமாத்திரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆசியாவிலிருந்து நீளும் ஒரே திட்டின்மேல் நிற்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட கடல் 100 பாகத்தைத் தாண்டுவதில்லை. நியூகினித் தீவு இதேபோல் ஆஸ்திரேலியாவின் திட்டின்மேல் நிற்கிறது. நடுவில் இருப்பது ஆழ்கடல். கங்காரு இனங்கள் ஆஸ்திரேலியத் திட்டோடு நின்றுவிடுவதையும் அவர் கவனித்திருந்தார்.

புகழ் போனது ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு. 1856இல் வாலஸ் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்தார். இடைவெளி 35 கிலோமீட்டர் அளவே. பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் கண்டவர், லொம்போக்கில் வெள்ளைக் கொண்டைக்கிளிகளைக் கண்டார். அவர் அங்கே உணர்ந்த எல்லைக்கு 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி 'வாலஸ் கோடு' என்று பெயரிட்டார். ஆனால் 1869இல் வந்த தன் நூலின் முதல் அத்தியாயத்திலேயே, ஆழமற்ற கடலின் பொருளை முதலில் சுட்டிக்காட்டியவர் ஏர்ல் என்று வாலஸ் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவும் அவரை மதிக்கத் தோன்றுகிறது.

ஆழத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகின் கடல்நீரில் ஒரு பங்கு பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. ஆசியத் திட்டின் பெரும்பகுதி அன்று நீருக்கு வெளியே, காடும் புல்வெளியும் ஆறுகளுமாக இருந்தது. புவியியலாளர்கள் அந்த நிலத்தைச் சுண்டா என்கிறார்கள். நியூகினியும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த மறுபக்க நிலம் சாகுல். சுண்டாவின் ஆற்றுப் படுகைகள் கடலடியில் இன்றும் தடம் காட்டுகின்றன. மேற்கு போர்னியோவின் கபுவாஸ் ஆற்று மீன்களுக்கும் சுமாத்திராவின் மூசி ஆற்று மீன்களுக்கும் உள்ள நெருங்கிய உறவுக்குக் காரணம் இதுவே. உப்புநீரைக் கடக்க முடியாத நன்னீர் மீன்கள், இரண்டு ஆறுகளும் ஒரே ஆற்றமைப்பின் கிளைகளாக இருந்த காலத்தில் பரவியவை. லொம்போக் நீரிணையின் கதை வேறு. அதன் ஆழம் குறைந்த பகுதியே 200 மீட்டருக்கு மேல். பனியூழியிலும் அது வற்றவில்லை. புலி அதைத் தாண்டவில்லை.

மனிதர் தாண்டினார்கள். குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவை அடைந்துவிட்டார்கள். எந்த வழியில் வந்திருந்தாலும் கரை தெரிந்தும் தெரியாமலும் பல இடங்களில் கடலைக் கடந்திருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் பினாங்கு முழுக்க முழுக்கச் சுண்டாவைச் சேர்ந்தது. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெர்ரி போகும் கால்வாய் குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் அகலம், ஆழமும் சொற்பம். பனியூழியில் அது தரை. இன்று 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பினாங்கு மலைத்தொடர், அன்று ஒரு பரந்த சமவெளியின் நடுவே எழுந்த கருங்கல் குன்று. பெருநிலத்தின் காடுகளில் வாழும் கண்ணாடிக் குரங்கு தீவின் காட்டிலும் இருப்பதில் வியப்பில்லை.

பனி உருகியதும் கடல் ஏறியது. இன்றைய மட்டத்தோடு நிற்கவும் இல்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து, பிறகு தணிந்தது. அதற்கான சாட்சி செபராங் பிறையில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, குவார் கெப்பாவில் இருக்கிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே மேடுமேடாகக் கிளிஞ்சல் ஓடுகள். கரை அருகே இருந்த காலத்தில் மட்டி பொறுக்கித் தின்று வாழ்ந்தவர்கள் குவித்தவை. அங்கேயே இறந்தவர்களைப் புதைத்தும் இருக்கிறார்கள். அந்த மேடுகளை 1860 வாக்கில் தோண்டி ஆராய்ந்தவரும் ஏர்ல்தான்! அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன் கடலின் ஆழத்தை வைத்துக் கண்டங்களைப் பிரித்தறிந்தவர், இங்கே வயல்வெளியில் பழைய கடற்கரை ஒன்றின் மிச்சத்தின்மேல் நின்றிருக்கிறார்.

மேடுகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்காக அள்ளப்பட்டுப் போனது. பின்னர் கிடைத்த எலும்புகள் பல நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றன. 2017இல் அதே இடத்தில் சுமார் 5,700 ஆண்டுப் பழமையான பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்றவள் அவள். அதற்கும் முன்பே, 1940இல், குவார் கெப்பாவின் தாடை எலும்புத் துண்டு ஒன்றை ஆராய்ந்த மைஸ்பெர்க் என்ற ஆய்வாளர் அதில் மெலனீசிய மக்களின் சாயலைக் கண்டார். மெலனீசியர் இன்று பெருமளவில் வாழ்வது நியூகினியிலும் அதற்குக் கிழக்கே உள்ள தீவுகளிலும்.